இத்தாலிக்கு என்ன நிறம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடுகளைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்து படிக்கும் வலைப்பின்னல் ஆய்வு எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. வரலாறு படித்தாலே தெரிகிற விஷயத்தைத்தானே இது படம் போட்டுக் காட்டுகிறது? புதிதாக என்ன சொல்கிறது?

— முதுகலை மாணவர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு தாளை எடுங்கள். முதல் உலகப்போருக்கு முந்தைய ஆறு வல்லரசுகளுக்கும் வட்டமாகப் புள்ளி வையுங்கள்: பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி. நட்புக்கு நீலக் கோடு, பகைக்குச் சிவப்பு. மொத்தம் 15 கோடுகள், 20 முக்கோணங்கள். கவனிக்க வேண்டியது முக்கோணங்களைத்தான். இரண்டு நீலமும் ஒரு சிவப்புமாக இருந்தால் அது நிலைக்காது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளுக்கும் வேண்டியவராக இருப்பவர் கல்யாண வீட்டில் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள்.

ஜெர்மனி அப்படித்தான் தவித்தது. ஆஸ்திரியாவும் வேண்டும், ரஷ்யாவும் வேண்டும். அவர்கள் இருவருக்கும் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ஆகாது. 1887இல் ரஷ்யாவுடன் ரகசிய ஒப்பந்தம் போட்டு ஜெர்மனியின் பிரதமர் (சான்சலர்) பிஸ்மார்க் சமாளித்தார். 1890இல் அவர் பதவி போனது, ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. ரஷ்யா பிரான்ஸ் பக்கம் சாய்ந்தது. 1891இல் பிரெஞ்சுக் கப்பற்படை ரஷ்யாவின் குரோன்ஷ்டாட் துறைமுகத்துக்கு வந்தபோது பிரான்ஸின் தேசிய கீதமான 'மார்செய்யேஸ்' இசைக்கப்பட்டது. ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார். மன்னரின் தலையை வாங்கிய புரட்சியின் பாட்டு அது!

அப்புறம், பிரிட்டன். 1904க்கு முன்பு அதற்கு பிரான்ஸோடும் உரசல், ரஷ்யாவோடும் உரசல். இரண்டு சிவப்பு, ஒரு நீலம்; இரண்டு நண்பர்களுக்கும் எதிரி ஒருவரே என்பதால் இது நிலையான முக்கோணம். 1904இல் எகிப்து, மொராக்கோ விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டு பிரிட்டனும் பிரான்ஸும் கைகோத்தன. உடனே முக்கோணம் ஆட்டம் கண்டது. பாரசீகம், ஆப்கானிஸ்தான் பற்றி 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் உடன்பட்டதும் மூன்றும் நீலமாயின. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, அதை வரலாற்று நூல்கள் நன்றாகவே சொல்கின்றன. அவை சேர்ந்து ஐரோப்பாவை இரண்டு முகாமாகப் பிரித்ததை நான் இந்தப் படத்தில்தான் கண்ணால் பார்த்தேன். அந்தல், கிராபிவ்ஸ்கி, ரெட்னர் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2006இல் 1872 முதல் 1907 வரையிலான மாற்றங்களை இப்படித்தான் வரிசையாக வரைந்தார்கள்.

சரி, இதை அப்படியே நம்பலாமா? கூடாது. இத்தாலியைப் பாருங்கள். 1882 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியாவின் கூட்டாளி. 1902இல் பிரான்ஸோடு ரகசிய உடன்பாடு. 1912இல் பழைய கூட்டணியையும் புதுப்பித்தது. 1914இல் நடுநிலை, 1915 மே மாதம் ஆஸ்திரியா மீதே போர். கையெழுத்தை மட்டும் எண்ணுகிற கணினிக்கு இத்தாலி–ஆஸ்திரியா கோடு கடைசிவரை நீலம்தான்.

1912ஆம் ஆண்டுப் படத்தில் அந்தக் கோட்டுக்கு நீங்கள் என்ன நிறம் போடுவீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.