பனிநீக்க அமைப்பும் வேக இழப்பும்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் நான்கு இருக்கைகள் கொண்ட ஒற்றை எஞ்சின் விமானம் இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் திரவம் கசியும் டிகேஎஸ் அமைப்பைப் பொருத்தினால் நான்கு நாட் (மணிக்கு நான்கு கடல் மைல்) வேகம் குறையும் என்கிறார்கள். அந்த இழப்பு தகுமா?

பதில்: கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 160 நாட்டில் செல்லும் விமானம் 500 கடல் மைலை 3 மணி 7 நிமிடங்களில் கடக்கும். 156 நாட்டில் 3 மணி 12 நிமிடங்கள் ஆகும். இந்த ஐந்து நிமிடங்களை எதிர்க்காற்றில் ஏற்படும் சிறு மாற்றமே விழுங்கிவிடும் என்பதால், வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை எடை. 30 லிட்டர் திரவம் ஏறத்தாழ 33 கிலோ இருக்கும். திரவத்தைக் கசியவிடும் டைட்டானியத் தகடுகள், பம்பு, தொட்டி, குழாய்கள் ஆகியவற்றின் எடை தனி. அதே 33 கிலோவில் ஏறத்தாழ 45 லிட்டர் விமானப் பெட்ரோலை ஏற்றலாம். மணிக்கு 50 லிட்டர் செலவழிக்கும் எஞ்சினுக்கு அது முக்கால் மணி நேரத்துக்கும் மேலான பறப்பு. ஏற்கெனவே எரிபொருளை முழுதாக நிரப்பினால் நால்வர் ஏற முடியாத விமானம் என்றால், திரவத்தையும் நிரப்பிய பிறகு எவரை, எதை விட்டுச் செல்வீர்கள் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பின்னரே பணிமனைக்குச் செல்லுங்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சொரசொரப்பான மணல்தாளின் தடிப்பே உள்ள உறைபனிகூட இறக்கையின் தூக்குவிசையை 30 விழுக்காடு வரை குறைத்து, இழுவிசையை 40 விழுக்காடு வரை கூட்டக்கூடும். தகடுகளால் இழக்கும் நான்கு நாட் முன்கூட்டியே தெரிந்த, மாறாத இழப்பு. பனி பறிக்கும் வேகத்துக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது.

கேள்வி: ரப்பர் உறையா, திரவமா?

பதில்: இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர் உறை காற்றால் உப்பிப் பனியை உடைக்கிறது, ஏற்றிச் செல்ல வேண்டிய திரவம் இல்லை, தீர்ந்துபோகும் அச்சமும் இல்லை. ஆனால் உறை முடியும் இடத்துக்குப் பின்னால் பனி படிந்தால் அது தொடாது. வெயிலில் ரப்பர் வெடிக்கும், ஒட்டுப் போட வேண்டியிருக்கும். திரவமோ ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் துளைகளின் வழியே கசிந்து இறக்கையின் பின்பகுதிவரை வழிந்தோடுவதால் அங்கும் ஓரளவு காக்கிறது. கோடையிலும் அவ்வப்போது பம்பை இயக்காவிட்டால், தேவைப்படும் நாளில் தகட்டின் பாதி வறண்டே கிடக்கும். ஒழுங்காகப் பராமரிப்பவருக்குத் திரவம், எடையில் சிறிதும் விட்டுக்கொடுக்க முடியாதவருக்கு ரப்பர் உறை என்பேன்.

கேள்வி: வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்குச் சூடேற்றியும் புரொப்பெல்லருக்குச் சூடேற்றியும் இருக்கின்றன. போதாதா?

பதில்: போதாது. இறக்கையும் வாலும் காப்பின்றி இருக்கின்றன.

கேள்வி: பனிச் சூழலில் பறக்கச் சான்று பெற்ற அமைப்பு இருந்தால் பனி மேகத்துக்குள் இரண்டு மணி நேரம் பறக்கலாம்தானே?

பதில்: கூடாது. அமைப்பு உங்களுக்கு வாங்கித் தருவது வெளியேறுவதற்கான அவகாசம் மட்டுமே. இயல்பான ஓட்டத்தில் இரண்டரை மணி நேரம் வரும் திரவம், ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஒன்றேகால் மணி நேரத்தில் தீரும். பட்டவுடன் உறையும் பெருந்துளி மழையோ தூறலோ சான்றிதழின் எல்லைக்குள்ளேயே வராது. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே விழுந்து 68 பேரைப் பலிகொண்ட ஏடிஆர் 72 விமானத்திலும் ரப்பர் உறைகள் இருந்தன. உறைகளுக்குப் பின்னால் படிந்த பனியே அதைக் கவிழ்த்தது.

கேள்வி: ரப்பர் உறையை உடனே இயக்கக் கூடாது, அரை அங்குலம் பனி சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்றே எனக்குக் கற்பித்தார்கள். இல்லையேல் பனி உறைக்கு மேல் பாலம்போல் நின்றுவிடுமாம்.

பதில்: இந்தப் பாடத்தைக் கைவிடுங்கள். 1930களின் உறைகளில் அகலமான குழாய்கள் குறைந்த அழுத்தத்தில் மெதுவாக உப்பின. அந்தக் காலத்து எச்சரிக்கை அது. இன்றைய உறைகளின் குழாய்கள் சிறியவை, விரைவாக உப்புபவை. முதல் சுற்றில் சிறிது பனி ஒட்டி நிற்பது உண்மைதான். அடுத்தடுத்த சுற்றுகளில் அது உதிரும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையிலேயே, விமானத்தின் கையேடு வேறுவிதமாகச் சொன்னாலன்றி, பனிச் சூழலில் நுழைந்தவுடன் உறைகளை இயக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது.

கேள்வி: முந்தைய பதிலை ஏற்க முடியவில்லை. உறை உப்பியும் பனி உதிராமல் நின்றதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை, அதன் காரணத்தை மட்டுமே வேறுவிதமாகச் சொல்கிறேன். மெல்லிய பனி முதல் உப்பலில் துண்டு துண்டாக விரிசல் கண்டு ஒட்டிக்கொண்டே நிற்கும். அதைப் பாலம் என்று எண்ணி உறையை நிறுத்திவிட்டால், பனி வளர்வது உங்கள் கண்முன்னேயே நடக்கும். பாலம் என்றால் உறை உப்பி அடங்குவதற்குத் தேவையான வெற்றிடம் பனிக்கு அடியில் உருவாகியிருக்க வேண்டும். காத்திருப்பவர் இழப்பதோ மெய்யானது: அந்த அரை அங்குலம் சேரும் நேரத்தில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) ஏறிக்கொண்டிருக்கும், எவ்வளவு ஏறியது என்பதை எந்தக் கருவியும் காட்டாது.

கேள்வி: பாலம் பற்றி ஒரு விளக்கம், என் விமானத்தில்...

பதில்: மேலே இரண்டு முறை விளக்கிவிட்டேன். உங்கள் விமானத்தின் கையேட்டைத் திறந்து, அது சொல்வதைச் செய்யுங்கள்.

கேள்வி: என் விமானம் 180 நாட் செல்லும். எனக்கும் நான்கு நாட் குறையுமா?

பதில்: நான்கு நாட் என்றே வைத்து முதல் பதிலின் கணக்கை உங்கள் எண்களால் போடுங்கள், நேர வேறுபாடு இன்னும் சிறிதாகவே வரும்.

கேள்வி: பொருத்தும் செலவும் காப்பீடும் எவ்வளவு ஆகும்?

பதில்: பணிமனையையும் காப்பீட்டாளரையும் கேளுங்கள். என் துறை அன்று.

கேள்வி: பனிக்குள் ஆட்டோபைலட் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். பனியால் விமானம் ஒரு பக்கம் சாயத் தொடங்குவதை அது அமைதியாகத் திருத்திக்கொண்டே இருக்கும். தன்னால் முடியாத கணத்தில் முழுச் சிக்கலையும் உங்கள் கையில் ஒப்படைக்கும். கையால் ஓட்டினால் கட்டுப்பாட்டுத் தடியின் கனம் முன்னரே எச்சரிக்கும்.

கேள்வி: வெப்பமான பருவத்தில் மட்டும் பறக்கிறேன். எடையை மீட்க அமைப்பைக் கழற்றிவிடலாமா?

பதில்: தகடுகளைக் கழற்றுவது பெரிய வேலை, சான்றிதழ் ஆவணங்களையும் மாற்ற வேண்டிவரும். தொட்டியில் திரவத்தைக் குறைத்து வைத்தாலே எடையின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் குறைத்த அளவைப் பதிவேட்டில் எழுதி, விமானி இருக்கைக்கு முன்னால் தெரியும்படி ஒட்டி வையுங்கள். கோடையிலும் உயரத்தில் சுழியத்துக்குக் கீழே வெப்பநிலை இருக்கும் மேகங்கள் உண்டு. அரைத் தொட்டியை முழுத் தொட்டி என்று நம்பி எவரும் அவற்றுக்குள் நுழைந்துவிடக் கூடாது.