திருமங்கலத்துப் பெண் பிள்ளையை டெல்லிக்குப் படிக்க அனுப்பலாமா?

அண்ணே, மகளுக்கு டெல்லி பல்கலைக்கழகத்தின் நார்த் கேம்பஸ் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளாதாரம் கிடைத்திருக்கிறது, இதுவரை ஹாஸ்டலில்கூட இருந்ததில்லை, அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் நீங்களும் அவளும் உட்கார்ந்து டெல்லி மேப்பை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், பாதி பயம் அதிலேயே தெளியும்.

நம் மதுரை மாநகராட்சி மொத்தம் 148 சதுர கிலோமீட்டர். டெல்லி 1,483, அதாவது பத்து மடங்கு. 2011 கணக்கெடுப்பிலேயே அங்கே 1.68 கோடிப் பேர். நாடாளுமன்றம், அமைச்சகம் என்று டிவியில் பார்க்கிறோமே, 1911-ல் கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்றுவதாக அறிவித்து 1931-ல் திறந்து வைத்த புதுடெல்லி, அது இந்தப் பரப்பில் 43 சதுர கிலோமீட்டர்கூட வராது. மகள் போகிற நார்த் கேம்பஸ் அங்கே இல்லை. அதற்கு வடக்கே, ஆரவல்லி மலைத்தொடர் வந்து முடிகிற ரிட்ஜ் காட்டை ஒட்டி இருக்கிறது. விஸ்வவித்யாலயா மெட்ரோ ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.

மயூர் விகாரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும் என்கிறீர்கள். வேண்டாம் அண்ணே. அது யமுனைக்குக் கிழக்கே இருக்கிறது, தினமும் ஆற்றைத் தாண்டி, ராஜீவ் சௌக் கூட்டத்தில் மெட்ரோ மாறி, போய் வருவதிலேயே பிள்ளை களைத்துவிடுவாள். கல்லூரி ஹாஸ்டல்தான் முதல் விருப்பம், கிடைக்காவிட்டால் கமலா நகர், விஜய் நகர் பக்கம் பெண்கள் பிஜி, அதாவது பணம் கட்டித் தங்குகிற தனியார் விடுதி. சொந்தக்காரர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகட்டும்.

ஏன் அனுப்பச் சொல்கிறேன் என்றால், அவள் எடுத்த படிப்புக்கு அந்த ஊர் பொருந்துகிறது. டெல்லியின் உற்பத்தி மதிப்பில் 85 சதவீதத்துக்குப் பக்கம் சேவைத் துறை, ஆலைகள் கொஞ்சம்தான். தனிநபர் வருமானம் நாட்டுச் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேல். அரசு, வங்கி, ஊடகம், கொள்கை ஆய்வு நிறுவனங்கள் என்று பொருளாதாரமோ சட்டமோ படித்தவர்களைத் தேடுகிற இடங்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன, இரண்டாம் வருஷத்திலேயே இன்டர்ன்ஷிப்புக்கு முயற்சி பண்ணலாம். பெரிய கம்பெனி வேலை வேண்டுமென்றால் குருகிராம், நொய்டா; முன்னது ஹரியானா, பின்னது உத்தரப் பிரதேசம், ஆனால் இரண்டுக்கும் மெட்ரோ போகிறது. இதுவே ஏதோ ஒரு தனியார் கல்லூரி பி.இ. சீட்டாக இருந்திருந்தால், எதற்கு அவ்வளவு தூரம், கோவை போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்புறம், கூடவே ஐஏஎஸ் கோச்சிங்கிலும் சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்களே, இப்போது வேண்டாம். பிரிலிம்ஸை மதுரையிலேயே எழுதலாம், மெயின்ஸை சென்னையில் எழுதலாம், நேர்முகத்துக்கு மட்டும் டெல்லி. டிகிரி முடித்து இங்கே வந்து படித்தால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, நான் முதல்வன் திட்டத் தேர்வில் தேறினால் மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் கிடைக்கும். 2024 ஜூலையில் டெல்லியில், பழைய ராஜேந்தர் நகரில் ஒரு கோச்சிங் சென்டரின் அடித்தளத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். லைப்ரரியோ ரூமோ, தரைக்குக் கீழே இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 2011 கணக்கில் அங்கே 1,000 ஆண்களுக்கு 868 பெண்கள்தான், பொது இடத்தில் அது கண்ணுக்கே தெரியும். மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு, அதில் ஏறப் பழகட்டும். உத்தரப் பிரதேசம், பீகார் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊர், எல்லோருக்கும் இந்திதான் பொது, எண்களும் வழி கேட்கிற அளவுக்கு நாலு வாக்கியமும் இப்போதே கற்றுக்கொள்ளட்டும். தமிழ் கேட்க ஆசை வந்தால் ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கமும் மலை மந்திர் முருகன் கோயிலும் இருக்கின்றன.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. மகளுக்கு வீசிங் உண்டா? ஜனவரிக் குளிரை ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கலாம், 45 டிகிரி வெயிலையும் பொறுக்கலாம். நவம்பர் காற்று அப்படி இல்லை. கடலே இல்லாத ஊர், குளிரில் காற்று அசையாது, வண்டிப் புகையோடு பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்த தாளை எரிக்கிற புகையும் வந்து மேலே தங்கிவிடும். வீசிங் இருந்தால் நுரையீரல் டாக்டரைப் பார்த்து அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். இல்லையென்றால் சீட்டை ஏற்கிற கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அன்றைக்கே ஹாஸ்டலுக்கும் விண்ணப்பம் போடுங்கள், அங்கே இடம் ரொம்பக் குறைவு.