நிலத்தின் நடுவே கானாறு: மாட்டுக்கு ஆகுமா?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் மூன்றரை ஏக்கர் மேய்ச்சல் நிலம் விலைக்கு வருகிறது. நடுவில் மலையிலிருந்து இறங்கும் கானாறு. மாசி வரை தண்ணீர் இருக்குமாம். பத்துக் கறவை மாடு வைக்க எண்ணம். வாங்கலாமா? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: வாங்கலாம். அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கு) பாருங்கள். கானாறு ஓடைப் புறம்போக்காக இருந்தால் அந்தப் பரப்பு உங்களுடையது ஆகாது. அதற்கும் சேர்த்து விலை பேசுவார்கள், உஷார்.

கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் தண்ணீர் வேண்டும். கோடையில் இன்னும் கூடும். கானாறு இருந்தால் கிணறும் ஊறும், கரையில் புல்லும் பசுமையாக நிற்கும். தொல்லையெல்லாம் மாட்டைத் தண்ணீரில் இறக்கிவிடுவதால் வருவதுதான். கரை சரியும், குளம்பு ஊறிப் புண்ணாகும். எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லங்கம் நத்தை. சாணத்தோடு தண்ணீரில் விழும் தட்டைப்புழு முட்டை பொரிந்து, நத்தைக்குள் வளர்ந்து, ஈரப் புல்லில் ஒட்டி, மறுபடி மாட்டு வயிற்றுக்கே வந்து சேரும். நாற்றமடிக்கும் நீர்க்கழிச்சல், தாடைக்கடியில் வீக்கம், பால் குறைவு கண்டால் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பாருங்கள். உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கும் மருந்தையே இதற்கும் ஊற்றினால் காசுதான் நஷ்டம். ஆக்சிகுளோசனைடு போன்ற தட்டைப்புழு மருந்தை, மாட்டின் எடைக்கேற்ப மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

ஆகவே மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டாதீர்கள், தண்ணீரை மாட்டிடம் கொண்டுவாருங்கள். கரையிலிருந்து 10, 15 அடி தள்ளி உங்கள் பட்டா நிலத்தில் வேலி போடுங்கள். மேட்டில் 8 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிமென்ட் தொட்டி கட்டினால் சுமார் 900 லிட்டர் பிடிக்கும். சுற்றிலும் 6 அடிக்கு ஜல்லி கொட்டாவிட்டால் ஒரே மாதத்தில் அங்கேயே சேறு சேர்ந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள். பங்குனியில் குட்டையாகத் தேங்கிப் பச்சைப் பாசி படர்ந்த தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றாதீர்கள்.

சரியும் கரையில் ஆடி, ஆவணி மழையோடு அரையடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நடுங்கள். கூடவே நொச்சிக் குச்சி ஊன்றலாம், ஆடுகூடக் கடிக்காது.

கீழே வெயில் காயும்போதே மலை மழையில் வெள்ளம் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கன்றுகளை இரவில் கரையோரம் கட்டாதீர்கள். கானாற்றுக்குக் குறுக்கே கம்பிவேலியும் கூடாது. அடித்துவரும் செத்தை அதில் மாட்டி, தண்ணீர் உங்கள் பக்கம் கரையை உடைத்துக்கொண்டு ஏறும்.