பூனை ஏறாத கட்டுமரம்

கேள்வி: 'ஃபர்பிலோ' என்றால் பாவாடை ஓரத்து ஃப்ரில் என்கிறது அகராதி. ஃபர் ரோமம், பிலோ கீழே. கீழ் ஓரத்தில் ரோமம் வைத்துத் தைத்ததால் வந்த பெயர் என்கிறார் எங்கள் ஆசிரியர். சரிதானே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 'சரிதானே' என்று முடித்துவிட்ட பிறகு என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? சரியில்லை. அது 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சொல், 'ஃபல்பலா'. ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை. தெரிந்த இரண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். ஜெர்மானியர் 'ஃபல்பெல்' என்று சுருக்கியதோடு சரி. அங்கே ரோமமும் இல்லை, கீழேயும் இல்லை.

நம் கட்டுமரம் அங்கே போய் 'கேட்டமரான்' ஆனது. முன்னால் 'கேட்' ஒட்டிக்கொண்டதற்காகப் பூனை ஏறிவிட்டதா? மீன் பிடிக்கிற மரம், ஏறினால் இறங்காது என்பது வேறு விஷயம். இறால் மாதிரி ஓடுள்ள 'கிரேஃபிஷ்' மீனே இல்லை. பழைய பிரெஞ்சு 'கிரெவிஸ்' சொல்லின் வாலைப் பிடித்து மீனாக்கிவிட்டார்கள். அஸ்பராகஸ் கொஞ்ச காலம் 'ஸ்பேரோ கிராஸ்', அதாவது குருவிப்புல்லாக இருந்தது.

தையல்காரரைக் கேட்டிருந்தாலே விடை கிடைத்திருக்கும். 3 மீட்டர் ஓரத்துக்கு ஃப்ரில் வைக்க 6 மீட்டர் பட்டை வேண்டும். மெல்லிய துணியென்றால் 7, 8கூட இழுக்கும். தையலை 4 மில்லிமீட்டருக்குத் தளர்த்தி, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டி, பாபின் நூல்களை, அதாவது அடி நூல்களை, சேர்த்து இழுக்க வேண்டும். ஒரே வரிசையென்றால் சுருக்கு ஒரு பக்கமாகக் குவியும், நூல் அறுந்தால் அத்தனையும் போச்சு. ரோமமோ தோலோடு வருவது. அதை இப்படிச் சுருக்கினால் ஆள் இல்லாமலே பாவாடை நிற்கும்.

ஆங்கிலேயரைச் சொல்லி என்ன? 'கேஷ்' நம் காசுதான் என்று மாதாமாதம் கடிதம் எழுதும் அன்பர்களுக்கு ஏழாவது தடவையாக: ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. கீழை நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறிக்கிற கேஷ் நம்முடையது, போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. கல்லாவில் கேட்கிற கேஷ், பணப்பெட்டிக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மிகப் பழைய சான்று எந்த ஆண்டு, அன்றைக்கு என்ன எழுத்துக்கூட்டு, எந்த மொழி வழியாக வந்தது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எட்டாவது கடிதத்தை எழுதுங்கள்.

பிரிட்டன் கடலோரத்தில் ஒரு பழுப்புக் கடற்பாசிக்கும் ஃபர்பிலோஸ் என்றே பெயர். தட்டைத் தண்டு, இரண்டு ஓரத்திலும் ஃப்ரில் வைத்தாற்போல் நெளிநெளியாக இருக்கும். ரோமம் தேடி உங்கள் ஆசிரியர் கடலில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.