செல்ஃபியில் தெரியும் மூக்கு உங்கள் மூக்கு அல்ல

கேள்வி: எனக்கு வயது 27. வேலை நல்ல வேலைதான். ஆனால் இரண்டு வருடமாக நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. செல்ஃபி எடுத்தால் மூக்கு பெரிதாகவும் தாடை ஒடுங்கியும் தெரிகின்றன. நண்பர்கள் போட்டோவுக்குக் கூப்பிட்டால் போன் வந்த மாதிரி நழுவிவிடுவேன். அலுவலகக் கூட்டத்தில் சொல்ல விஷயம் இருந்தும் வாயைத் திறப்பதில்லை. எல்லோரும் என் தலையையே பார்ப்பது போல இருக்கிறது. 90 நாளில் ஆளையே மாற்றிக் காட்டுகிறோம் என்று ஒரு பயிற்சி விளம்பரம் வருகிறது. தாடைக்குப் பயிற்சி, முடிக்கு எண்ணெய், தன்னம்பிக்கைக்கு வகுப்பு எல்லாம் உண்டாம். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளம். சேரலாமா? முதலில் தோற்றத்தைச் சரிசெய்ய வேண்டுமா, தன்னம்பிக்கையை வளர்க்க வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புத் தம்பி,

அந்தப் பயிற்சியில் சேர வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்தால், இன்றோ நாளையோ பணத்தைக் கட்டிவிடும் மனநிலையில் நீங்கள் இருப்பது தெரிகிறது. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மூக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் கவலையை இன்றே இறக்கி வைத்துவிடலாம். செல்ஃபி எடுக்கும்போது கேமரா முகத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி தூரத்தில்தான் இருக்கிறது. அந்த நெருக்கத்தில் மூக்கு கேமராவுக்கு மிகப் பக்கம். காதும் தாடையின் ஓரமும் தள்ளி இருக்கின்றன. பக்கத்தில் இருப்பது பெருத்தும், தள்ளி இருப்பது ஒடுங்கியும் பதியும். 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 5 அடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் ஆண்களின் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறதாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறையும், பெரிய மூக்கும் ஒடுங்கிய தாடையும், ஒரே காரணத்தால் வருபவை. நண்பர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஐந்தாறு அடி தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். உங்களை எதிரே பார்ப்பவர்கள் பார்க்கும் முகம் அதற்குத்தான் நெருக்கமானது.

தாடைப் பயிற்சி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வளர்ந்து முடிந்தவரின் தாடை எலும்பு மெல்லுவதாலோ நாக்கை மேலண்ணத்தில் அழுத்துவதாலோ வடிவம் மாறும் என்பதற்குச் சான்று இல்லை. கடினமான ரப்பரை மணிக்கணக்கில் கடித்தால் தாடை மூட்டில் வலிதான் மிச்சமாகும். எலும்பைத் தட்டித் தட்டி வளர்க்கலாம் என்று முகத்தில் கனமான பொருளால் அடித்துக்கொள்ளச் சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. எலும்பு முறியலாம், நரம்பு பழுதாகலாம். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். தாடை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் தாடியின் கீழ்க்கோட்டைச் சரிசெய்தாலே போதும். பலர் அந்தக் கோட்டைத் தாடை எலும்பின் மேலேயே எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் கீழே உள்ள சதை தனியாகத் தெரியும். தொண்டையில் மேடாக இருக்கும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே கோடு போட்டு, அதற்குக் கீழே மட்டும் மழியுங்கள். வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் தெரியும்.

அடுத்தது முடி. இதில் உங்களுக்கு நேரம் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆண்களுக்கு நெற்றியிலும் உச்சியிலும் முடி குறைவது பெரும்பாலும் பரம்பரையோடும் ஹார்மோனோடும் தொடர்புடையது. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனால் அந்த இடத்து முடிக்குழிகள், முடி உதிர்ந்து மறுபடி முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கிக்கொண்டே வருகின்றன. தடித்த முடி மெலிந்து, பூனைமுடியாகி, பிறகு வராமலே போகிறது. 50 வயதுக்குள் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது வந்துவிடும். தொப்பியோ ஷாம்புவோ இதற்குக் காரணம் அல்ல. காரணம் உள்ளே இருக்கும்போது மேலே தடவும் எண்ணெய் என்ன செய்யும்? முடியை மினுமினுப்பாக்கும், அவ்வளவுதான்.

பலன் தருவதாக நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று மினாக்சிடில். முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்வதைப் பார்த்து, தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். ஆண்களின் முடி உதிர்வுக்கு அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. இன்னொன்று ஃபினாஸ்டிரைடு மாத்திரை. 1997-ல் அனுமதி பெற்றது. நான் சொன்ன ஹார்மோனின் அளவை இது குறைக்கிறது. இரண்டுக்கும் பொறுமை வேண்டும். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், பலருக்கு ஆறு மாதத்துக்கு மேல். மினாக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டக்கூடும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர். நிறுத்தினால் கிடைத்த பலனும் போய்விடும். ஃபினாஸ்டிரைடால் சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் வரலாம், அதனால் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். காய்ச்சல், திடீர் எடைக்குறைவு, கடும் மன உளைச்சல் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது வேறு வகை. அது பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைக்கும். உங்களுடையது எது என்பதைத் தோல் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முற்றிலும் பட்டுப்போன குழியை மருந்தால் எழுப்புவது கடினம். இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து அதிகம் உதவும். அதனால் இந்த மாதமே போய்விடுங்கள்.

மருந்து வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் எனக்கு முழுச் சம்மதம். அப்படியானால் நீளமாக வளர்த்து முன்னே இழுத்துவிட்டு மறைக்காதீர்கள். நீளமான மெல்லிய முடி பிரிந்து பிரிந்து நிற்கும், இடைவெளி இன்னும் கூடுதலாகத் தெரியும். பக்கவாட்டில் நன்றாகக் குறைத்து, மேலேயும் குட்டையாக வெட்டினால் அடர்த்தி ஒரே சீராகத் தெரியும். மறைக்கிற வேலை போய்விட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் கையைத் தலைக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்த நிம்மதி பெரிது.

சட்டையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனால் தோற்றத்தில் மிகச் சீக்கிரம் மாற்றம் காட்டுவது அதுதான். ஆள் பாதி ஆடை பாதி என்பதற்கு விலையுயர்ந்த ஆடை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவான ஆடை போதும். தோளும் கையும் சேரும் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் சரியாக உட்கார வேண்டும். அது புஜத்துக்கு இறங்கினால் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி ஆகிவிடும். பொத்தான் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ துணி இழுத்துக்கொண்டு நின்றால் சட்டை சிறிது. முழுக்கை மணிக்கட்டு எலும்போடு நிற்க வேண்டும். தோள் சரியாக இருந்தால் மற்றதைத் தையல்காரர் பிடித்துக் கொடுத்துவிடுவார், தோளைத் திருத்துவதுதான் கஷ்டம். வியர்வை நாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. வியர்வைக்கு மணம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. அதனால் வாசனைத் திரவியத்தை மேலே அடிப்பதைவிட அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகு உடுத்துவதுதான் வேலை செய்யும்.

சரி, இப்போது கூட்டத்துக்கு வருவோம். எல்லோரும் உங்கள் தலையைப் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு, அணிந்தால் கூச்சமாக இருக்கும் ஒரு டீ-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. உங்கள் கூட்டத்தில் இருப்பவர்களும் தங்கள் முறை வந்தால் என்ன சொல்வது என்ற யோசனையில்தான் இருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டதால் மட்டும் பயம் போய்விடாது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் அடுத்த முறையும் உங்கள் வாயை அடைக்கிறது. பேசினால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பே மனதுக்குக் கிடைப்பதில்லை. தோற்றமா தன்னம்பிக்கையா, எது முதலில் என்று கேட்டீர்கள். இரண்டுக்காகவும் காத்திருக்காமல் முதலில் பேசுங்கள் என்பதுதான் என் பதில். கூட்டத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடப் போட நெஞ்சு படபடப்பு ஏறும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். கேட்ட பிறகு, நான் எப்படித் தெரிந்தேன் என்று உள்ளே பார்க்காமல், பதில் சொல்பவரின் முகத்தைப் பார்த்து அவர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு மாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் செய்யுங்கள். போட்டோவுக்கும் இதே வழிதான்: அடுத்த முறை நழுவாமல் நில்லுங்கள், எடுத்ததும் போனை வாங்கிப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்றை அக்கறையோடு கேட்கிறேன், உங்களுக்குள் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முகத்தைப் பற்றியோ முடியைப் பற்றியோ நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலோ, கண்ணாடியையே தவிர்ப்பதாலோ வேலையும் நட்பும் கெடுகின்றனவா? ஆம் என்றால் தோல் மருத்துவரோடு நிறுத்தாமல் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். உருவத்தில் பிறருக்குத் தெரியாத குறை ஒன்று மனதை விடாமல் பிடித்துக்கொள்வது மருத்துவத்தில் பெயரிடப்பட்ட ஒரு நோய். அதற்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரையும் இருக்கின்றன, நன்றாகவே குணம் தெரிகிறது. எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று தயங்கினால் எனக்கு எழுதிய கடிதத்தையே அவரிடம் கொடுங்கள்; தேவையான எல்லாமே அதில் இருக்கிறது.