அண்ணனைவிட எனக்கு வயதாகிவிட்டது

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

டெல்லி முனிர்காவில் இருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 47. என் அண்ணன் ராணுவத்தில் கேப்டனாக இருந்தான். 1999 ஜூலையில், கார்கில் போரில், திராஸ் பகுதியில் உயிர்விட்டான். அப்போது அவனுக்கு 25, எனக்கு 21.

அவன் உடல் வந்த அன்று ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸே எங்கள் வாசலில் நின்றது. எல்லோரும் அப்பாவையும் அம்மாவையும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் வந்தவர்கள், "இனி நீதாம்மா அவங்களைப் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வருஷத்துக்குள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, அவனுடைய முதல் திதி வருவதற்குள் எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

ஒவ்வொரு ஜூலை 26-க்கும், கார்கில் வெற்றி நாளன்று, பள்ளியிலோ தமிழ் அமைப்பிலோ பேசக் கூப்பிடுவார்கள். முன்பு அப்பா பேசினார். அவர் போன பிறகு நான். அதே போரில் பட்டாலிக் பகுதியில் மே 29 அன்று வீழ்ந்த மேஜர் சரவணனைப் பற்றிச் சொல்லிவிட்டு அண்ணனைப் பற்றிச் சொல்வேன். வருஷா வருஷம் அதே வாக்கியங்கள். இப்போது ஒரு பயம் பிடித்திருக்கிறது. அந்தப் பேச்சைத் தாண்டி அவன் எனக்குள் இருக்கிறானா? அவன் குரல் நினைவில் இல்லை. அவனுக்குப் பல்லி என்றால் பயம். என் தோசையில் முறுகலான ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்பான். கேரம்போர்டில் கூசாமல் ஏமாற்றுவான். இதையெல்லாம் எந்த மேடையில் சொல்வது?

வரும் தை மாதம் என் மகனுக்கு 25 முடிகிறது. அதே நெற்றி, அதே நடை. அம்மா அவனை அண்ணன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அவனும் "இதோ வரேன் பாட்டி" என்று எழுந்து போகிறான். எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இப்போது தேசியப் போர் நினைவகத்தில் ஒரு நாள் மாலை நேரத்தில் மலர்வளையம் வைக்க எங்கள் குடும்பத்தை அழைத்திருக்கிறார்கள். அம்மா வர மறுக்கிறார். "ஆனியில் திதி கொடுக்கிறேனே, எனக்கு அது போதும்" என்கிறார். இவ்வளவு பெரிய மரியாதையை விடலாமா என்று சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். வெள்ளைப் பெயின்டில் அவன் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு ட்ரங்க் பெட்டி அம்மா கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதன் பூட்டை இன்றுவரை திறக்கவில்லை. 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து அவன் போட்ட இன்லண்ட் கடிதங்கள் சில மட்டும் என்னிடம் உள்ளன. அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— ஒரு தங்கை

அன்புச் சகோதரிக்கு,

அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் கடிதம் முழுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள், முதலில் உங்களைப் பற்றிப் பேசலாம்.

1962, 1965, 1971 போர்களில் வீழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே இறுதிச் சடங்கு நடந்தது. வீட்டுக்குத் தந்திதான் வந்தது. கார்கிலில் உடல்கள் வீடு வந்தன, தொலைக்காட்சியும் கூடவே வந்தது. உங்கள் அண்ணன் முதல் நாளிலேயே ஊருக்குச் சொந்தமாகிவிட்டார். அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் தங்கையிடம் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை, பொறுப்பை மட்டும் ஒப்படைத்தார்கள். இப்படி ஊர் கண்டுகொள்ளாமல் விடும் துயரங்களைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இலேயே எழுதினார். கூடப்பிறந்தவர்களின் துயரம் பெரும்பாலும் அந்த வகையில்தான் சேர்கிறது. நீங்களோ மாலையும் கழுத்துமாக நின்று அதை விழுங்கியிருக்கிறீர்கள்.

அண்ணனுக்கு எத்தனை, எனக்கு எத்தனை, மகனுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இது நோய் இல்லை. இறந்தவரிடமிருந்து மனதை மெல்ல மெல்ல விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் எழுதியவர் மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1920-இல் அவருடைய மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் 26 வயதில் இறந்தாள். 1929 ஏப்ரலில், மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு ஃப்ராய்ட் எழுதிய கடிதத்தில், இன்று என் மகள் இருந்திருந்தால் 36 வயது என்கிறார். அந்த இடம் நிரம்பவே நிரம்பாது, நிரம்பாமல் இருப்பதுதான் சரி என்றும் எழுதினார். தன் கொள்கைக்கு மாறாக அவரே கணக்குப் போட்டிருக்கிறார், பாருங்கள். இறந்தவரோடு உறவைத் தொடர்வது இயல்பானது என்று 1990-களிலிருந்து ஆய்வாளர்களும் சொல்லிவருகிறார்கள்.

குரல் மங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதற்காக அண்ணன் போய்விட்டதாக நினைக்காதீர்கள். பல்லியும் தோசை ஓரமும் உங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். சண்டைகளையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இன்லண்ட் கடிதங்களில் ஒன்றை உங்கள் மகனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரும் ஜூலையில் மேடை ஏறும்போது பல்லியைப் பற்றிப் பேசுங்கள். பல்லிக்குப் பயந்த பையன் அந்த மலையில் ஏறினான் என்று கேட்டால், முன்வரிசைக் குழந்தைகளுக்கு அவன் யாரென்று புரியும். அவன் வீரம் இதனால் குறைந்துவிடாது.

சரி, அம்மா. அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டாம். தேதிப்படி நாடு நினைக்கிறது, திதிப்படி அவர் நினைக்கிறார். எள்ளும் தண்ணீரும் விட்டு அவர் செய்வது முழுமையான அஞ்சலி. சொந்தக்காரர்கள் கேட்டால், "அம்மா சார்பில் நான் போகிறேன்" என்று சொல்லி முடித்துவிடுங்கள். அதற்கு முன்பாக ஒரு சாதாரண நாளில், அழைப்பும் மலர்வளையமும் இல்லாமல் அங்கே ஒருமுறை போய் வாருங்கள். அனுமதி இலவசம். 2019-இல் திறந்த அந்த நினைவகத்தில், வட்ட வட்டமான சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கிரானைட் கற்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவன் பெயரைத் தேடிப் பிடித்து, அழுகை வந்தால் அழுதுவிட்டு வாருங்கள். அங்கே நீங்கள் யாருக்கும் பேச்சு கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டி அம்மாவுடையது. அவருக்குத் தெரியாமல் திறக்காதீர்கள். "எப்பவாவது திறக்கணும்னு தோணினா என்னையும் கூப்பிடுங்கம்மா" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

மகன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். அவனிடம் நேராகக் கேளுங்கள், மாமா பெயரில் கூப்பிடுவது அவனுக்குப் பாரமாக இருக்கிறதா என்று. பாட்டிக்காகச் சந்தோஷமாகத்தான் எழுந்து போகிறான் என்றால் விட்டுவிடலாம். பாரமாக இருந்தால் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அந்தத் தை மாதப் பிறந்தநாள் உங்களுக்குக் கடினமாக இருக்கும். முன்கூட்டியே அவனிடமும் கணவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒன்று: பேரன் பெயரை மட்டும் அம்மா மாற்றிக் கூப்பிட்டால் கவலை இல்லை. அடுப்பை அணைக்க மறக்கிறார், நாள் கிழமை குழம்புகிறது, பழகிய தெருவிலேயே தடுமாறுகிறார் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல வருஷங்கள் கழிந்தும் அன்றாட வேலையே ஓடாதபடி ஏக்கம் அழுத்தினால் அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த அளவுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் தூக்கம் கெட்டால், வேலையில் மனம் நிற்கவில்லை என்றால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.