கிட்னியில 3 செ.மீ. கட்டி, முழு கிட்னியையும் எடுக்கணுமா?

கேள்வி: டாக்டர், நாங்க கோபி பக்கம். அப்பாவுக்கு 58 வயசு, சுகர், பிபி ரெண்டும் இருக்கு. பித்தப்பைக் கல்லான்னு பார்க்க ஸ்கேன் எடுத்தோம், இடது கிட்னியில 3.2 செ.மீ. கட்டின்னு வந்துருச்சு. வலி, ரத்தம் எதுவும் இல்ல. சிடி ஸ்கேன் பார்த்துட்டு கேன்சர்தான், கிட்னியவே எடுக்கணும்ங்கறாங்க. சதை எடுத்து டெஸ்ட்கூட பண்ணலை. அப்பா தோட்டத்துல மஞ்ச வெட்டு (அறுவடை) முடியட்டும்ங்கறாரு.

பதில்: பயந்துக்காதீங்க தம்பி. விலாவுல வலி, ஒண்ணுக்குல ரத்தம், கையில தட்டுப்படற கட்டின்னு வர்றதுக்குள்ள முத்திப்போயிருக்கும், அதுக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லதுதானுங்க. இப்பெல்லாம் பாதிப்பேருக்கு மேல வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போயித்தான் தெரியுது.

சதை எடுக்காதது தப்பில்ல. கான்ட்ராஸ்ட்ங்கற மருந்தை ரத்தத்துல ஏத்தி சிடி எடுத்தா கட்டி அந்த மருந்தை இழுக்கற விதத்துலயே பெரும்பாலும் சொல்லிரலாம். ஆனா 4 செ.மீ.க்கு கீழ இருக்கறதுல சுமாரா அஞ்சுல ஒண்ணு கேன்சரே இல்லாம போறதும் உண்டு, அதனால டவுட்டா இருந்தா ஊசி குத்திப் பார்ப்போம். குத்துனா பரவிரும்னு பேசிக்குவாங்க, இந்தக் கட்டியில அது ரொம்ப அபூர்வம்.

முழு கிட்னி விஷயத்துக்கு வருவோம். இந்த சைசுக்கு கட்டியை மட்டும் சுத்தியிருக்கற கொஞ்சம் நல்ல சதையோட வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைத் தெச்சு விட்டுறதுதான் இன்னைக்கு முதல் சாய்ஸ், கேன்சரைப் பொறுத்தவரை ரெண்டுக்கும் ரிசல்ட் ஒண்ணுதான், ஆனா அப்பாவுக்கு சுகரும் பிபியும் இருக்கறதால மிச்சம் வெக்கற ஒவ்வொரு துண்டும் பின்னாடி டயாலிசிஸ் பக்கம் போகாம காப்பாத்தும். ரத்தக்கசிவு, ஒண்ணுக்கு கசியறது முழுசா எடுக்கறதைவிட கொஞ்சம் அதிகமா வரலாம், அது சமாளிக்கக்கூடியது. கட்டி நட்டநடுவுல பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தா சிலசமயம் முழுசாத்தான் எடுக்கணும், அப்படித்தானான்னு அந்த டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க. ரோபோ மெஷின் ஆபரேஷன்னாத்தான் முடியும்னு இல்லைங்க, கை பழகுன யூராலஜிஸ்ட்தான் (கிட்னி ஆபரேஷன் பண்ற டாக்டர்) முக்கியம்.

கீமோ இந்த கேன்சருக்கு சாதாரணமா கேக்காது. பரவிட்டவங்களுக்கு 2005, 2006ல மாத்திரைக வந்துச்சு, 2015ல இருந்து உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டி விடற இம்யூனோதெரபி ஊசி, நெலமையே மாறிருச்சு. இத்தனூண்டு கட்டி கிட்னியோட நின்னுருந்தா அப்பாவுக்கு அதெல்லாம் தேவைப்படாது.

மஞ்ச வெட்டு முடியட்டும், தப்பில்ல, இந்த சைசுக் கட்டி சராசரியா வருஷத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளருது, ஆனா அடுத்த வெள்ளாமைன்னு தள்ளிப்போட்டா ஆகாது. அதுக்குள்ள கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் டெஸ்ட் பண்ணிருங்க, பீடி பழக்கம் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க, கோயமுத்தூர்ல இன்னொரு யூராலஜிஸ்ட்டைப் பாருங்க. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, சிடி படம் இருக்கற டிஸ்க்கையும் கையோட கொண்டுபோங்க.